இரவு வானத்துக்கு ஒரு கேமரா: கணினிக்குக் கட்டுப்படும் மூன்றை வைத்துப் பார்த்த பின்

இரவு வானத்தைப் படமெடுக்கக் கேமரா வாங்கப் போகிறேன் என்று சொன்னவுடன், எத்தனை மெகாபிக்சல், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எதுவரை ஏறும் என்ற இரண்டு கேள்விகள்தாம் எல்லாருடைய வாயிலிருந்தும் வருகின்றன. பொழுது சாய்ந்தது முதல் கிழக்கு வெளுக்கும் வரை வெட்டவெளியில் கேமராவை நிறுத்திவைத்து, அதைக் கணினியால் இயக்கிச் சில ஆண்டுகள் பழகிய பிறகு, அந்த இரண்டையும் நான் கடைசியில்தான் கேட்கிறேன். அருகில் ஆளில்லாத எட்டு மணி நேரமும் இந்தக் கருவி சொன்ன சொல் கேட்குமா என்பதே என் முதல் கேள்வி. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் எட்டு மணி நேரத்தில் 96 படங்கள் வரும். பதினோராவது படத்தில் இணைப்பு அறுந்துபோய், அது விடிந்த பிறகுதான் நமக்குத் தெரியவந்தால், எவ்வளவு உயர்ந்த சென்சாராலும் அந்த இரவைத் திருப்பித் தர முடியாது.

நான் மாறி மாறிப் பயன்படுத்திவரும் மூன்று கருவிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2008-இல் வெளியான கேனன் இ.ஓ.எஸ். 450டி என்னும் டி.எஸ்.எல்.ஆர். (லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடியுள்ள டிஜிட்டல் கேமரா), பழையது, பிறர் பயன்படுத்திய பிறகு என் கைக்கு வந்தது. இரண்டாவது, இசட்.டபிள்யூ.ஓ. நிறுவனத்தின் ஏ.எஸ்.ஐ. 533 எம்.சி. ப்ரோ என்னும் குளிர்விப்பு வசதியுள்ள வானியல் கேமரா. மூன்றாவது, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியோடு இணையும் எச்.க்யூ. கேமரா. விலையிலும் வேலையிலும் இவை ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடியவை அல்ல. ஆயினும் புதிதாக வாங்க நினைப்பவர் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த மூன்று வகைகளுக்கு நடுவில்தான்.

கணினிக் கட்டுப்பாடு என்ற சொல்லைப் பெட்டியின் மேல் பார்த்து மயங்கிவிடக் கூடாது. நான் வாங்கிய முதல் டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் விளம்பரத்திலும் அந்தச் சொல் இருந்தது. யு.எஸ்.பி. கேபிளைச் செருகியதும் கணினித் திரையில் எல்லா அமைப்புகளும் வரிசையாகத் தெரிந்தன. லென்ஸில் ஒளி நுழையும் துளையை மாற்ற முடிந்தது, ஐ.எஸ்.ஓ.வை மாற்ற முடிந்தது, படத்தை நேரே கணினிக்கு இறக்கவும் முடிந்தது. ஆனால் ஷட்டரை 30 விநாடிக்கு மேல் திறந்துவைக்கச் சொன்னால் மட்டும் அது மறுத்துவிட்டது. பல்பு முறையில் ஷட்டரைப் பிடித்துவைக்கும் கட்டளை அதன் யு.எஸ்.பி. மொழியிலேயே இல்லை. அதற்காக ஷட்டர் விசைக்கென்று தனிக் கேபிள் ஒன்றையும், அதைக் கணினியோடு சேர்க்கும் சிறு மின்சுற்று ஒன்றையும் வாங்க நேர்ந்தது; ஒரு கேமராவுக்கு இரண்டு கேபிள்கள், அந்த இரண்டில் எது எப்போது கழன்றாலும் இரவு போயிற்று. அந்தக் காலத்துக் கேமராக்களில் இது பொதுவான குறையே. கேனன் வரிசையில் டிஜிக் 3 செயலியோடு வந்த 40டி, 450டி ஆகியவற்றிலிருந்துதான் ஒரே யு.எஸ்.பி. கேபிளில் பல்பு முறையும் சாத்தியமாயிற்று. பழைய 450டி இன்றும் என்னிடம் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆகவே பழைய கேமராவைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, ஜிஃபோட்டோ என்னும் திறந்த மூல மென்பொருள் வெளியிட்டிருக்கும் கேமராப் பட்டியலைத்தான். ஆயிரக்கணக்கான கேமரா மாதிரிகள் அதில் உள்ளன. பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. படங்களை இறக்குவதற்கு மட்டும் ஆதரவா, கணினியிலிருந்து படமெடுப்பதற்கும் ஆதரவா என்று அங்கேயே பிரித்துச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பிரிவைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள் பலர். லினக்ஸ் கணினியில் ஒரே வரிக் கட்டளையால் கேமராவை இயக்கக் கூடிய வசதி, கண்ணைக் கவரும் திரைகள் நிறைந்த எந்த மென்பொருளையும் விட எனக்கு நம்பிக்கை தந்திருக்கிறது.

கட்டுப்படுவது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சொன்னதைச் செய்வது ஒரு பாதி என்றால், சொல்லாததைச் செய்யாமல் இருப்பது மறுபாதி. இக்காலக் கேமராக்கள் இந்த இரண்டாம் பாதியில்தான் அதிகம் தவறுகின்றன. நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கம், அதாவது ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும்போது படத்தில் சேரும் பொய்ப் புள்ளிகளை நீக்கும் வசதி, அதை அணைக்க மறந்தால், ஐந்து நிமிடப் படம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேமரா தானாகவே ஷட்டரை மூடிக்கொண்டு இன்னோர் ஐந்து நிமிடம் இருளைப் படமெடுத்து, அதை முதற்படத்திலிருந்து கழிக்கும். இரவில் சரிபாதி வீணாகிவிடும். உள்ளே கண்ணாடி இல்லாத சில மிரர்லெஸ் கேமராக்களில் இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. சில விநாடிகளுக்கு மேற்பட்ட எக்ஸ்போஷர் என்றால், பக்கத்திலுள்ள பிக்சல்களைவிடத் தனித்துப் பிரகாசமாக இருக்கும் பிக்சலைப் பழுது என்று கருதி, சென்சார் பதிந்ததை மாற்றாமல் தர வேண்டிய ரா கோப்பை எழுதுவதற்கு முன்பே அதை மங்கலாக்கிவிடுகின்றன. மங்கலான விண்மீனும் தனித்துப் பிரகாசிக்கும் ஒரு பிக்சல்தானே! அந்த வடிகட்டி அதையும் சேர்த்து விழுங்கிவிடும். ரா என்று பெயரிருந்தாலும் பச்சையாக இல்லாத அந்தக் கோப்பில் போன விண்மீனை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ராஸ்பெர்ரி பையின் எச்.க்யூ. கேமராவிலும் சென்சாருக்குள்ளேயே இப்படி ஒரு பழுது நீக்கும் வேலை இயல்பாக நடக்கிறது. ஆனால் அங்கே டிரைவர் அமைப்பில் ஒரு மதிப்பை மாற்றி அதை நிறுத்த முடிகிறது. நிறுத்தக் கூடியதா இல்லையா என்பதுதான் எனக்கு முக்கியம்.

450டி கேமராவின் திறனை இப்போது சொல்லிவிடலாம். 12 மெகாபிக்சல், 5.2 மைக்ரான் பிக்சல்கள், 14 பிட் ரா கோப்பு, ஐ.எஸ்.ஓ. 1600 வரைதான். இன்றைய அளவுகோலில் இது எளிய கருவி. ஐ.எஸ்.ஓ. 800-இல் வைத்து, எஃப் 2.8 லென்ஸோடு, நிலவில்லா இரவில் பால்வீதியை அது பதிவு செய்யும் விதத்தில் எனக்கு இன்றும் குறையில்லை. இரவு நிலக்காட்சி, விண்மீன் சுவடுகள், எரிகல் பொழிவு ஆகியவற்றுக்கு அகன்ற கோணம் வேண்டும். சென்சார் பெரிதாக இருப்பது அங்கே கைகொடுக்கிறது. ஆண்டில் சில இரவுகள் மட்டும் படமெடுக்க நினைப்பவருக்கு, பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்றே போதும் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் இரண்டு எல்லைகளை மறைக்கக் கூடாது. முதலாவது சிவப்பு நிறம். வானத்து நெபுலாக்களின், அதாவது விண்வெளி வாயு மேகங்களின், செம்மை ஹைட்ரஜன் வாயு உமிழும் 656.3 நானோமீட்டர் ஒளியால் வருவது. சாதாரண கேமராக்களில் மனிதத் தோல் நிறம் இயல்பாகத் தெரிவதற்காகச் சென்சாரின் முன்னால் வைக்கப்பட்டிருக்கும் வடிகட்டி, அந்த அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு ஒளியைத்தான் உள்ளே விடுகிறது. இதனாலேயே கேனன் 2005-இல் 20டிஏ, 2012-இல் 60டிஏ, 2019-இல் இ.ஓ.எஸ். ஆர்ஏ என்று வானியலுக்கெனத் தனி மாதிரிகளை வெளியிட்டது. நிக்கான் 2015-இல் வெளியிட்ட டி810ஏ, கேமராவிலேயே 900 விநாடி வரை எக்ஸ்போஷர் வைக்கும் வசதியோடு வந்தது. இவை இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கும். சாதாரண கேமராவின் வடிகட்டியை மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். மாற்றிய பிறகு பகலில் எடுக்கும் படமெல்லாம் செக்கச்செவேலென்று இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டுதான் அதில் இறங்க வேண்டும்.

இரண்டாவது எல்லை ஷட்டர். பல டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் ஷட்டர் ஒரு லட்சம் முறை என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. ஐந்து நிமிடப் படங்கள் மட்டும் எடுப்பவருக்கு அது ஆயிரம் இரவுகளுக்கு வரும், கவலையில்லை. எரிகல்லுக்காகவோ டைம்லாப்ஸுக்காகவோ 20 விநாடிக்கு ஒன்று வீதம் எடுப்பவருக்கு ஓர் இரவில் 1,440 படங்கள் ஆகும். ஏறக்குறைய 70 இரவுகளில் கணக்கு முடிந்துவிடும். பழைய கேமராவை வாங்குகிறவர் ஷட்டர் எண்ணிக்கையைக் கேட்டுப் பெறுவது, பழைய வண்டியை வாங்குகிறவர் ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பது போன்றது.

வெப்பம் பற்றிச் சொல்லாமல் வானியல் கேமராவுக்குப் போக முடியாது. சென்சார் மேல் ஒளி படாவிட்டாலும், வெப்பத்தால் மட்டுமே அதில் எலக்ட்ரான்கள் ஊறிக்கொண்டிருக்கும். இருள் மின்னோட்டம் எனப்படும் இது, தோராயமாக 6 டிகிரி செல்சியஸ் ஏறும்தோறும் இரண்டு மடங்காகும். வெதுவெதுப்பான இரவில் தொடர்ந்து படமெடுக்கும் கேமராவின் உட்புறம் 32 டிகிரியை எட்டுவது அரிதல்ல. அதே சென்சாரை மைனஸ் 10 டிகிரிக்குக் கொண்டுபோனால் இடைவெளி 42 டிகிரி. ஏழு முறை பாதியாகக் குறைந்து, இருள் மின்னோட்டம் 128-இல் ஒரு பங்காகிவிடும். ஆனால் குளிர்ச்சியைவிட நிலைத்தன்மையே பெரிய லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாலையில் 30 டிகிரியிலும் விடியலில் 20 டிகிரியிலும் எடுத்த படங்களுக்கு இரைச்சலைக் கழிப்பதற்காக மூடியைப் போட்டு எடுக்கும் ஒரே இருள் படம் பொருந்தாது. சென்சார் எப்போதும் மைனஸ் 10-இல் நிற்கும் என்றால், மூடியைப் போட்டுவிட்டு மழை நாள் ஒன்றில் வீட்டுக்குள் வைத்தே இருள் படங்களை எடுத்துச் சேமித்துக்கொண்டு, பல மாதங்களுக்கு அவற்றையே பயன்படுத்தலாம். தெளிவான வானத்தின் ஒரு நிமிடத்தைக்கூட இருளைப் படமெடுக்கச் செலவிட வேண்டியதில்லை.

ஏ.எஸ்.ஐ. 533 எம்.சி. ப்ரோவில் சோனியின் ஐ.எம்.எக்ஸ். 533 சென்சார் இருக்கிறது. 11.31 மி.மீ. பக்கமுள்ள சதுரம், 3008-க்கு 3008 பிக்சல்கள், ஒவ்வொன்றும் 3.76 மைக்ரான், மின்னளவை எண்ணாக்கும் 14 பிட் மாற்றி. சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி வரை கீழே குளிர்விக்கும். முந்திய தலைமுறைச் சென்சார்கள் பலவற்றில் மின்சுற்றின் வெப்பத்தால் ஓரங்களில் விசிறி போல ஒரு வெளிச்சம் படரும். இதில் அது இல்லை. இருள் படத்தின் வெளிச்ச வேறுபாட்டைத் திரையில் எவ்வளவு நீட்டிப் பார்த்தாலும் வெறும் சமதளமாகத் தெரிவதை முதல்முறை பார்த்தபோது, மூடியைக் கழற்றிவிட்டேனோ, கோப்பு வெறுமையாக இருக்கிறதோ என்று நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

இதன் உண்மையான வலிமை, வாசிப்பு இரைச்சல், அதாவது சென்சாரிலிருந்து படத்தைப் படித்தெடுக்கும்போது ஒவ்வொரு பிக்சலிலும் சேரும் பிழை, குறைந்திருப்பதில் உள்ளது. கெயின் என்னும் பெருக்க அளவை 100-இல் வைத்தால் அது ஏறக்குறைய 1.5 எலக்ட்ரான். இதன் பொருளைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்து, 2009-இல் அவர்களுக்கு நோபல் பரிசைப் பெற்றுத்தந்த சி.சி.டி. சென்சார்தான் நெடுங்காலம் வானியலின் கண்ணாக இருந்தது. அமெச்சூர்கள் பயன்படுத்திய சி.சி.டி. கேமராக்களில் வாசிப்பு இரைச்சல் எட்டு எலக்ட்ரான் அளவில் இருப்பது சாதாரணம். வானத்தின் பின்னணி ஒளி, வாசிப்பு இரைச்சலின் வர்க்கத்தைப் போல் பத்து மடங்கு ஆகும்வரை ஷட்டரைத் திறந்துவைக்க வேண்டும் என்ற நடைமுறைக் கணக்கை எடுத்துக்கொண்டால், எட்டு எலக்ட்ரானுக்கு 640. ஒன்றரை எலக்ட்ரானுக்கு 22 அல்லது 23 போதும். அங்கே இருபது நிமிடம் தேவைப்பட்ட இடத்தில், மற்றவை ஒன்றாக இருந்தால், இங்கே ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. நீண்ட எக்ஸ்போஷர் என்ற சொல்லின் பொருளே இதனால் மாறிவிட்டது. இப்போது நாம் செய்வது நீண்ட இரவு. அதற்குள் நூற்றுக்கணக்கான குறுகிய படங்கள். ஒரு விமானமோ செயற்கைக்கோளோ குறுக்கே போனால் ஒரு நிமிடப் படத்தைத் தூக்கியெறிவது எளிது; இருபது நிமிடப் படத்தை எறிய மனம் வராது. நகர வெளிச்சத்துக்கு நடுவில் இருப்பவருக்கு நீண்ட எக்ஸ்போஷர் எந்த ஆதாயத்தையும் தருவதில்லை. பின்னணி விரைவிலேயே நிரம்பிவிடும்.

குறைகளுக்கு வருவோம். சென்சார் சிறியது. 24 மி.மீ. லென்ஸை மாட்டினால் 35 மி.மீ. முழுச் சட்டகக் கேமராவில் நீளவாக்கில் 74 டிகிரி அகலம் தெரியும். இதில் 26 டிகிரிதான். மலைக்கு மேல் எழும் பால்வீதியை எடுக்க விரும்புகிறவர் இதை வாங்கக் கூடாது. மாறாக, 200 மி.மீ. லென்ஸில் இதன் பார்வை 3.2 டிகிரி, கார்த்திகை விண்மீன் கூட்டம் வசதியாக நடுவில் அமரும், ஆண்ட்ரோமீடா விண்மீன் பேரடை மூலைவாட்டில் அடங்கும். சதுர வடிவம் முதலில் உறுத்தினாலும், லென்ஸின் ஓரக் குறைகளை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால் விண்மீன்கள் நான்கு மூலைகளிலும் புள்ளியாகவே நிற்கின்றன. இன்னும் பெரிய பரப்பு வேண்டுமென்றால் அதே பிக்சல் அளவில், 26 மெகாபிக்சலும் 16 பிட் மாற்றியும் கொண்ட ஏ.எஸ்.ஐ. 2600 இருக்கிறது. செலவு அதற்கேற்ப ஏறும், கோப்பும் பெரிதாகும், லென்ஸின் ஓரக் குறைகளும் அப்போது வெளியே தெரியும்.

இன்னொரு குறை, இது கேமராவே அல்ல என்பதுதான். திரை கிடையாது, விசை கிடையாது, நினைவு அட்டை கிடையாது, பேட்டரி கிடையாது. கணினியும் 12 வோல்ட் மின்சாரமும் இல்லாவிட்டால் இது ஒரு சிவப்பு உருளை. குளிர்விப்பானுக்கு 3 ஆம்பியர் வரை தரக்கூடிய மின்வழங்கியைப் பரிந்துரைக்கிறார்கள். அதோடு கணினியும், லென்ஸில் பனி படியாமலிருக்கச் சுற்றும் சூடேற்றும் பட்டையும் சேரும்போது, வெட்டவெளியில் எட்டு மணி நேரத்துக்கு எவ்வளவு பெரிய பேட்டரி தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்கோ பேட்டரி வடிவில் இருக்கும் போலிப் பேட்டரியைச் செருகி வெளியிலிருந்து மின்சாரம் தந்தால் வேலை முடிந்துவிடும். குளிர் காலத்தில் அதன் சொந்தப் பேட்டரியை நம்பி இரவைத் தொடங்குவது வீண்.

ஃபோகஸ் விஷயத்திலும் பழைய கேமரா முந்திக்கொள்கிறது. கேனன் லென்ஸின் ஃபோகஸ் மோட்டாரைக் கணினியிலிருந்தே சிறு சிறு அடிகளாக நகர்த்த முடியும். அதே லென்ஸை வளையம் வைத்து வானியல் கேமராவில் மாட்டினால், பொதுவாக அந்த மின்தொடர்பு அறுந்துவிடும். லென்ஸைப் பல்பட்டையால் திருப்பும் தனி மோட்டாரை வெளியே பொருத்த வேண்டும், அல்லது இரவு நடுவில் எழுந்து போய்க் கையால் திருத்த வேண்டும். வெப்பநிலை இறங்க இறங்க ஃபோகஸ் நகரும் என்பதால் ஒருமுறை வைத்துவிட்டுத் தூங்க முடியாது. பாவெல் பாஹ்டினோவ் 2005-இல் உருவாக்கிய, கோடுகள் வெட்டிய முகமூடியை லென்ஸ் முன்னால் வைத்து, விண்மீனைச் சுற்றித் தெரியும் மூன்று கதிர்களில் நடுக்கதிர் சரியாக நடுவில் வரும்வரை திருப்புவதே இன்றும் எனக்குப் பிடித்த வழி.

எச்.க்யூ. கேமராவின் வேலை வேறு. 2020-இல் வந்த இதில் 12.3 மெகாபிக்சலுள்ள ஐ.எம்.எக்ஸ். 477 சென்சார் இருக்கிறது. பிக்சல் வெறும் 1.55 மைக்ரான். பரப்பளவில் பார்த்தால் 533-இன் ஒரு பிக்சல் இதன் ஆறு பிக்சல்களுக்குச் சமம். ஒரே எஃப் எண்ணுள்ள லென்ஸ்களை வைத்தால் பிக்சல் ஒன்றுக்குக் கிடைக்கும் ஒளியும் அந்த விகிதத்தில்தான் இருக்கும். நெபுலாவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் மீன்கண் லென்ஸ் ஒன்றை மாட்டி, அக்ரிலிக் குமிழுக்குள் வைத்து, வானம் முழுவதையும் ஒவ்வோர் இரவும் கண்காணிக்கும் கருவியாக இதற்கு ஈடு குறைவு. கணினி பக்கத்திலேயே இருப்பதால் யு.எஸ்.பி. கேபிள் என்ற தொல்லையே இல்லை. மூன்று நிமிடத்துக்கு மேலும் எக்ஸ்போஷர் வைக்கலாம், முழு வானத்துக்கு அரை நிமிடமே போதும். ஆல்ஸ்கை என்ற இலவச மென்பொருள், அந்தி சாயும்போது தானாகவே தொடங்கி, விடியும்போது அந்த இரவின் டைம்லாப்ஸையும் விண்மீன் சுவட்டுப் படத்தையும், கியோகிராம் என்னும் பட்டையையும் தயாரித்து வைத்துவிடுகிறது. ஒவ்வொரு படத்திலிருந்தும் நடுக்கோட்டை மட்டும் எடுத்து வரிசையாக ஒட்டிய அந்தப் பட்டையில், மேகம் எப்போது வந்தது, நிலவு எப்போது எழுந்தது என்பது ஒரே பார்வையில் தெரியும். குமிழின் மேல் பனி படிவதுதான் இதன் ஓயாத பகை. உள்ளே சில மின்தடைகளை வளையமாக வைத்துச் சூடேற்றுவது வழக்கம். அப்படிச் சூடேற்றினால் சென்சாரும் சூடாகி இரைச்சல் கூடும். இரண்டில் ஒன்றைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மென்பொருளைப் பொறுத்தவரை, கேமராவைத் தேர்ந்தெடுப்பது என்பது ஒரு மொழியைத் தேர்ந்தெடுப்பது. விண்டோஸில் அஸ்காம், லினக்ஸில் இண்டி என்ற இரண்டு பொது மொழிகள் வேரூன்றிவிட்டன. அஸ்காம் பேசும் கேமராவை நினா என்ற இலவச மென்பொருளாலும், இண்டி பேசும் கேமராவைக் கேஸ்டார்ஸோடு வரும் ஈகோஸாலும் இயக்கலாம். எடுத்த படத்தைத் தெரிந்த விண்மீன் வரைபடத்தோடு ஒப்பிட்டு, தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்று தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வதும் இவற்றில் நடக்கும். இந்த மொழிகளைப் பேசாமல், தன் நிறுவனத்தின் செயலிக்கு மட்டுமே கட்டுப்படும் கேமராவை, அது எவ்வளவு நல்ல படம் தந்தாலும் நான் வாங்குவதில்லை. செயலியைப் புதுப்பிப்பதை நிறுவனம் நிறுத்தினால் கேமராவும் அன்றோடு ஊமையாகிவிடும். ஒரே நிறுவனத்தின் கருவிகளை மட்டும் ஏற்கும் சிறு கட்டுப்பாட்டுப் பெட்டிகள் வசதியானவை. தொடங்குபவருக்கு அவை பெருந்துணை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அடுத்து வாங்கும் ஒவ்வொரு பொருளையும் அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

கேபிளுக்கு ஒரு பத்தி ஒதுக்கியே ஆக வேண்டும். வீட்டுக்குள் அமர்ந்துகொண்டு வெளியிலுள்ள கேமராவை இயக்கலாம் என்ற ஆசையில், ஐந்து மீட்டர் நீளமுள்ள மலிவான யு.எஸ்.பி. 3 கேபிள் ஒன்றை வாங்கினேன். பகலில் பழுதின்றி வேலை செய்தது. இரவு இரண்டு மணிக்குப் பனி இறங்கியதும் இணைப்பு விட்டுவிட்டு அறுந்தது. மூன்று இரவுகள் டிரைவரையும் மென்பொருளையும் பழித்த பிறகுதான் குற்றவாளி கேபிள் என்று புரிந்தது. யு.எஸ்.பி. 2-க்கு ஐந்து மீட்டர் எல்லை, யு.எஸ்.பி. 3-க்கு நடைமுறையில் மூன்று மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இப்போது சிறு கணினி ஒன்றை முக்காலியின் காலிலேயே கட்டிவைத்து, அதிலிருந்து கேமராவுக்கு அரை மீட்டர் கேபிளும், வீட்டிலிருந்து அந்தக் கணினிக்கு வைஃபையும் என்று மாற்றிவிட்டேன். வைஃபை அறுந்தாலும் படமெடுப்பு நிற்பதில்லை. கணினி உறங்கிப்போவதையும், மின்சாரம் மிச்சப்படுத்த யு.எஸ்.பி. துறைகளை அணைத்துவைப்பதையும், நள்ளிரவில் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதையும் முன்பே தடுத்துவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் செலவிடுவதற்கு முன், அதைத் தாங்கும் கருவியைப் பற்றியும் நினைக்க வேண்டும். வானம் விநாடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). 450டி கேமராவில் 50 மி.மீ. லென்ஸோடு வான நடுக்கோட்டருகே இருக்கும் விண்மீன், ஒன்றரை விநாடிக்குள் ஒரு பிக்சலைக் கடந்துவிடும். 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் ஷட்டரைத் திறந்துவைக்கக்கூடிய விநாடிகள் கிடைக்கும் என்ற பழைய விதியைச் சென்சார் அளவுக்குத் திருத்திப் பயன்படுத்தினாலும் ஆறு விநாடி வருகிறது. அதற்குள் விண்மீன் நான்கு பிக்சலுக்கு மேல் இழுபட்டிருக்கும். சிறிய அளவில் அச்சிடுபவருக்கு அது கண்ணில் படாது, கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு உறுத்தும். சுமாரான கேமராவும் அதை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் நல்ல டிராக்கரும், நல்ல கேமராவும் வெறும் முக்காலியும் என்ற இரண்டில் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், 533-ஐக் கொடுத்துவிட்டு 450டியை வைத்துக்கொள்வேன். நெபுலாப் படங்களில் இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது என்று தெரிந்தும் இதைச் சொல்கிறேன். நிலக்காட்சிக்கும் வானத்துக்கும் சேர்த்து உழைப்பது அது ஒன்றுதான். கணினி படுத்துவிட்டாலும் விரலால் அழுத்தி ஒரு படமாவது எடுத்துவிடலாம். நெபுலாக்களையே குறியாக வைத்திருப்பவர், டிராக்கரும் பேட்டரியும் ஏற்கெனவே கையில் உள்ளவர், என் பேச்சைக் கேட்காமல் குளிர்விக்கும் கேமராவுக்கே நேராகப் போகலாம். எச்.க்யூ. கேமராவை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை; அது மற்ற இரண்டில் எதை வாங்கினாலும் கூடவே வைத்துக்கொள்ளத் தக்கது.

எதை வாங்கினாலும், திருப்பித் தருவதற்கான கெடு முடிவதற்குள் நான் ஒரு சோதனை செய்துவிடுகிறேன். மூடியைப் போட்டுவிட்டு, வெளியில் பயன்படுத்தப் போகும் அதே கேபிள், அதே கணினி, அதே பேட்டரியோடு, ஐந்து நிமிடம் வீதம் 20 படங்கள் எடுக்கக் கட்டளையிட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவேன். காலையில் முதலில் எண்ணிக்கையைப் பார்ப்பேன். பிறகு ஒவ்வொரு கோப்பின் தொடக்க நேரத்தையும் பார்த்து, இரண்டு படங்களுக்கு நடுவில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று குறித்துக்கொள்வேன். அடுத்து, முதற்படத்தையும் கடைசிப் படத்தையும் ஒரே அளவுக்கு நீட்டிப் பக்கம் பக்கமாக வைத்து, வெப்பத்தால் இரைச்சல் எவ்வளவு கூடியிருக்கிறது, ஓரத்தில் வெளிச்சம் படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். இருபதும் வந்திருந்தால் மட்டுமே பெட்டியை மடித்துப் பரணில் போடுகிறேன். பத்தொன்பது வந்த ஒரு கருவியை, விற்றவர் எவ்வளவோ சமாதானம் சொல்லியும், அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.